போலி வாளும் போலி வரலாறும்: இணையத்தில் பழைய கத்தி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டெம்பர் 24 முதல் ‘சோம்பி’ வகைக் கத்திகளும், 2025 ஓகஸ்ட் 1 முதல் ‘நிஞ்ஜா’ வாள்களும் தடை செய்யப்பட்டுள்ளன. வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றமே. இந்தச் சட்டங்கள் பற்றி என்னிடம் விசாரித்தவர்கள் கத்தியோடு தெருவில் திரியும் இளைஞர்கள் அல்லர். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு ‘எங்கட நாட்டு’ப் பழைய வாள் ஒன்றை இணையத்தில் தேடும் குடும்பஸ்தர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். வளைந்த அலகு 50 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள வாள்கள் அங்கு 2008 முதல் தடைப்பட்டியலில் உள்ளன. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. 1954 க்கு முன் செய்யப்பட்டவைக்கும், மரபு முறைப்படி கையால் செய்யப்பட்டவைக்கும் சலுகை உண்டு. ஆகவே, பழையது என்று நம்பி வாங்கிய வாள் அண்மையில் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று தெரியவந்தால் போவது பணம் மட்டுமல்ல. விலக்கும் போய்விடும். சுவரில் தொங்குவது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். சோதனைச் சாவடிகளில் பைகளைக் கொட்டிக் காட்டி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, கதவைத் தட்டும் பொலிஸ் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

இலங்கைப் பொருட்களில் சேகரிப்பாளர் அதிகம் தேடுவது இரண்டு. ஒன்று கஸ்தானை. சிங்க முகக் கைப்பிடியும் குறுகிய வளைந்த அலகும் கொண்ட சடங்கு வாள். மற்றது பிஹா கெத்த என்ற கண்டிய கத்தி. தடித்த அலகின் மேற்பகுதியில் வெள்ளியோ பித்தளையோ பதித்து, கொடி வேலைப்பாடு செய்திருப்பார்கள். கண்டி அரசரின் பட்டறைகளில் இவ்வாறான வேலை நடந்தது. அந்தக் கைவினை மரபை 1908 இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகப் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன்.

போலி எப்படிப் பிடிபடும்? கைப்பிடியைப் பாருங்கள். உளியால் செதுக்கிய சிங்கத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சொட்டாக ஒன்றுபோல் இராது. கோடுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மலிவான அச்சு வார்ப்பில் பல்லும் பிடரிமயிரும் மழுங்கி, குண்டூசித் துளைகள் தெரியும், நடுவில் இணைப்புக் கோடு ஓடும். கறளும் பொய் சொல்லும். அமிலம் பூசி வரவழைத்த கறள் அலகு முழுவதும் ஒரே சீராகக் குழி விழுந்திருக்கும். உண்மையான பழமை அப்படிப் பரவுவதில்லை. கை படும் இடம் தேய்ந்திருக்கும், உறையின் வாய் உரசிய இடம் மினுங்கும், மூலைகளில் அழுக்கு இறுகியிருக்கும். பிடி தேய்ந்து உறை புத்தம் புதிதாக இருந்தாலும், உறை இற்று அலகு பளபளத்தாலும் காரணம் கேளுங்கள்.

‘டமாஸ்கஸ்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். அந்தப் புகழின் பின்னால் இருந்த பழைய உருக்கு பெருமளவில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவானது. சமனலவெவவில் காற்றின் வேகத்தாலேயே இயங்கிய பழைய இரும்புலைகளை அகழ்ந்து, அவற்றின் முடிவுகளை ஆய்வாளர்கள் 1996 இல் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று அந்தப் பெயரில் மலிவாக விற்பவை பெரும்பாலும் இரு வகை உருக்கை அடுக்கி அடித்தவை. அதைவிட மோசமானவை, சாதாரண அலகின் மேல் கோலம் மட்டும் அரித்தவை. இந்தக் கோலம் அலகின் முதுகில் தொடராது. முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நவீன மடக்குக் கத்திகளிலும் ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட் பெயர்களில் போலிகள் நிறைய உண்டு. அங்கே விலையே காட்டிக்கொடுக்கும். அங்கீகாரம் பெற்ற கடையில் விற்கும் விலையின் கால் பங்குக்குப் புதிய கத்தி கிடைக்காது.

பழம்பொருளில் கைப்பிடியையும் கறளையும் விட முக்கியமானது, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியில் சூறையாடிய பீரங்கி, தங்க வாள், வெள்ளி வாள், கத்தி, இரு துவக்குகள் ஆகிய ஆறு பொருட்களை அம்ஸ்ரடாமின் றைக்ஸ் அருங்காட்சியகம் 2023 இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. இரு நாட்டு ஆய்வாளர்களும் ஆவணங்களைத் தேடி, அவை எப்படிப் பறிபோயின என்று நிறுவிய பின்னரே அது சாத்தியமானது. ஓர் அரச அருங்காட்சியகத்துக்கே இவ்வளவு வேலை. ஆனால் இணைய விற்பனையாளர் ‘சங்கிலியன் காலத்து வாள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். 1619 இல் வீழ்ந்த அரசின் வாள் 400 ஆண்டுகள் எங்கிருந்தது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இராது.

எங்களிடம் இந்தப் பொய் எளிதாக விலைபோவதற்குக் காரணம் உண்டு. 1981 இல் நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்களில் பலர் வெறும் சுவர்களையே கண்டார்கள். உறுதிகளும் படங்களும் கடிதங்களும் போன சமூகத்துக்கு இழந்ததை மீட்கும் ஆசை அதிகம், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பது குறைவு. இந்த இடைவெளியில்தான் போலி வியாபாரி நிற்கிறான். இதே இடைவெளியில், யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட உண்மையான பொருளும் ஊர் பேர் இல்லாமல் ‘பழைய சாமான்’ என்று விலைப்படலாம். எனவே ‘இது உண்மையா’ என்பதோடு ‘இது யாருடையது’ என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

‘18 ஆம் நூற்றாண்டு, கொழும்பிலிருந்து அனுப்புகிறோம்’ என்ற விளம்பரங்கள் தனி இரகம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட இலங்கைப் பொருள் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. பத்திரம் காட்டாத விற்பனையாளரின் பொருள் ஒன்றில் போலி, அல்லது கடத்தல். இரண்டையும் வாங்கக்கூடாது. பிடி யானைத் தந்தம் என்றால் பிரித்தானியாவில் 2022 யூன் முதல் இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. அதனால் விற்பனையாளர் தந்தத்தை ‘எலும்பு’ என்று எழுதவும் கூடும்.

காசு அனுப்ப முன், பெரிய அருங்காட்சியகங்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் கஸ்தானைப் படங்களோடு ஒப்பிடுங்கள். பழைய பற்றுச்சீட்டு, ஏலப் பதிவு கேளுங்கள். பணத்தை மீளப் பெற வழியில்லாத முறையில் செலுத்த வேண்டாம்.

ஊரில் அப்பப்பாவின் பாளைக்கத்தியோ, அம்மம்மாவின் பாக்குவெட்டியோ, காம்புச்சத்தகமோ மிஞ்சியிருந்தால் அதைத் தேய்த்து மினுக்க வேண்டாம். இரு பக்கமும் படம் எடுத்து, எந்தக் கம்மாலையில் அடித்தது, யார் பாவித்தது என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி, அந்தக் கடதாசியைப் பொருளோடு சேர்த்து வையுங்கள்.