பழம் காத்திருக்கட்டும்



செம்பனைப் பழம் மலைபோல் குவியும் மாதங்களில் ஆலையில் ஒரே பேச்சுதான்: "சீக்கிரம், சீக்கிரம்!" வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்கப் பார்ப்பார்கள், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி, விலை இறங்கும். உண்மைதான். ஆனால் அந்த நட்டத்தைக் கிரேனுக்கு அடியில் நிற்பவர் ஏன் தன் உடம்பால் கட்ட வேண்டும்?

வெந்த பழத்தோடு மேலே போகும் கூண்டின் எடை பல டன். அவசரத்தில் என்ன நடக்கிறது? கொக்கி சரியாக மாட்டியதா என்று பார்ப்பதில்லை. தள்ளி நிற்கும் கூண்டைச் சாய்வாக இழுக்கிறோம். தூக்கியதும் அது ஊஞ்சலாய் ஆடுகிறது. கொக்கி உச்சிக்கு வந்தால் தானாக நிறுத்தும் சுவிட்சை, 'தொந்தரவு' என்று வேலை செய்யவிடாமல் கட்டிவைக்கிறார்கள். கொக்கி மேலே போய் முட்டினால் கம்பி வடம் அறுந்துவிடும். "ஒரு நிமிஷந்தானே" என்று அடியில் குனிந்து போகிறவரும் உண்டு. அந்த ஒரு நிமிஷம் போதும்!

மருந்தறையில் நான் ரத்தத்தை நிறுத்தலாம், கட்டுப் போடலாம், ஆம்புலன்சை அழைக்கலாம். நசுங்கிய காலைத் திருப்பித் தர எந்தப் புட்டியிலும் மருந்து இல்லை.

ஆகவே, தூக்கிய சுமைக்கு அடியில் யாரும் போகக்கூடாது. சைகை காட்ட ஒரே ஆள் இருக்கட்டும். ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். நம் மொழி தெரியாத இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் அந்தச் சைகையைச் சொல்லிக்கொடுங்கள்.

நிறுத்தச் சொன்னால் சோம்பேறி என்பார்கள், பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லட்டும்! சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உயிராபத்து கண்முன் நின்றும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், விலகி நிற்க 26ஏ பிரிவு உரிமை தருகிறது. அதற்காக நம்மைப் பழிவாங்கவும் கூடாது. பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம்.

முதலில் போர்மேனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்கவில்லையா? தள்ளி நில்லுங்கள், உடனே யூனியனுக்குத் தெரிவியுங்கள்.

தாய்மார்களே, வீட்டுக்காரரிடம் இன்றைக்கு எத்தனை மணி ஓவர்டைம் என்று கேட்கிறோமே, கிரேன் ஒழுங்காக ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.