பதினொருவர் இருக்கிறார்கள், பதிவேடு இல்லை

மணவூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள் அங்கேதான் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். பழையனூர் என்னும் சிற்றூரைக் கோயிலுக்கு வழங்கிய செய்தியை, அவ்வூரின் எல்லைகளோடு சேர்த்துப் பதிந்து வைத்த ஆவணம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை இன்றும் நம்மால் வாசித்து அறிய முடிகிறது. ஆனால் 20 ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர் யார் என்று தேநீர்க் கடையில் கேட்டால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்கிறார்கள்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்னைக்கும் அரக்கோணத்துக்குமாக ரயிலேறிப் பிழைக்கும் நாங்கள் சிலர் ஓய்வு நாட்களில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அண்மையில் ஒரு நாள் பேச்சு ஊர் வரலாறு பற்றித் திரும்பியது. கோயில் வரலாறு உண்டு. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்த எல்லைப் போராட்டத்தின் வரலாறும் உண்டு. மாலை நேரங்களில் வியர்வை வழிய ஓடிய இளைஞர்களின் வரலாறு மட்டும் எங்கும் இல்லை. அது இல்லாததால் நாம் இழப்பது நினைவை மட்டுமல்ல, நிலத்தையும்தான் என்பதே எங்கள் கட்சி.

எங்கள் பையன்களின் ஆடுகளம், கோடையில் ஏரி வற்றியதும் உள்வாயை ஒட்டிக் கிடைக்கும் மேட்டு நிலம். இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டால் அதுவே கோல் கம்பம். பொங்கல் சமயத்தில் அறுவடை முடிந்த வயலில் ஒரு போட்டி நடக்கும். வென்ற கோப்பை அணித் தலைவன் வீட்டு அலமாரிக்குப் போகும். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஷிப்ட் வேலை கிடைத்துவிட்டால் அணியும் அவனோடு கலையும். மறு ஆண்டு வேறு பெயர், வேறு பனியன், வேறு தலைவன். ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. முந்தியவர்கள் என்ன செய்தார்கள், யாரிடம் தோற்றார்கள், ஏன் பிரிந்தார்கள் என்பது பின்வந்தவர்களுக்குத் தெரிவதில்லை.

தமிழகத்தில் கால்பந்து வேரூன்றவில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மையன்று. நீலகிரியில் உள்ள வெலிங்டன் சிறிய மலையூர்தான். அங்கிருந்து சென்ற மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. இந்தியா கண்ட மிகச் சிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவரான பீட்டர் தங்கராஜ் அந்த அணியில் வளர்ந்தவர். 1962இல் ஜகார்த்தாவில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தைப் பெற்றபோது கோலில் நின்றவரும் அவரே. 1996இல் தேசிய லீக் தொடங்கியபோது சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை அணியின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் வடசென்னையில் ஏராளம்.

ஆயின் இவையெல்லாம் யாருடைய அணிகள்? படையின் அணி, வங்கியின் அணி, ஆலையின் அணி. ஆட்டக்காரனுக்கு வேலை கிடைத்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெரிய கொடை, அதை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அணியின் உயிர் நிறுவனத்தின் ஆளெடுப்பில் இருந்தது. ஆளெடுப்பு குறைந்தால் அணியும் மெலியும். ஊருக்கு அதில் பார்வையாளன் என்ற இடம் மட்டுமே.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே ஒரு சங்கம் எழுந்தபோதும் கதை நெடுநாள் நீடிக்கவில்லை. சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் தோற்றம் 1946 என்று சொல்லப்படுகிறது. அது ஐ-லீகில் இடம்பெற்றது 2016-17 பருவத்தில். இடைப்பட்ட 70 ஆண்டுகளைப் பற்றித் தமிழில் நாங்கள் படித்த நூல் எதுவுமில்லை. 2018-19 பருவத்தில், கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில் அந்த அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தியது. இரண்டாம் இடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்ஸியின் பெயரைக் கோவைப் பிள்ளைகள் தங்கள் தெரு ஆட்டத்தில் கூவினார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் பங்கு வாங்கியது. 2021க்குப் பிறகு அந்த அணி ஐ-லீகில் இல்லை.

இரண்டே ஆண்டுகளில் ஒரு பட்ட அணி களத்தை விட்டு எப்படி மறைய முடியும்? பெயரில் சென்னை, ஆடுகளம் கோவையில். சென்னைக்காரன் அதைத் தன் அணி என்று எண்ணவில்லை. கோவைக்காரனுக்கோ பெயரே அயல். மறைந்தபோது தெருவில் இறங்கிக் கேட்க ஓர் ஊர் இருக்கவில்லை. பணமும் நிர்வாகமும் காரணங்களாக இருக்கலாம். ஆனால் பணமுடை வந்த சங்கங்கள் உலகெங்கும் உண்டு. அவற்றுள் பிழைத்தவை பெரும்பாலும் ஊர் தூக்கி நிறுத்தியவை.

மறுபுறம் பாருங்கள். குமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில் தூத்தூரை ஒட்டிய கடற்கரை ஊர்களில் கால்பந்து மீனுக்கு அடுத்த பேச்சு. ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாட்கள் கழித்துத் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள் மணலில் ஆடி வளர்கிறார்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டிக்கு ஆடி, பின் இந்தியன் சூப்பர் லீகுக்குப் போனவர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அதிகமாக உயிர் குடித்த கரையும் அதுதான். சென்னையில் வியாசர்பாடி தனபால் கணேஷைத் தந்தது. கடலூர் இந்திய மகளிர் அணிக்கு இந்துமதி கதிரேசனைத் தந்தது. தமிழக மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டத்தை வென்றது. மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. ஆகவே ஆள் பஞ்சமில்லை. ஊர்கள் ஆட்டக்காரர்களைப் பெற்றெடுத்துக்கொண்டே இருக்கின்றன. பெற்றெடுத்த ஊரின் பெயரில் தேசிய மேடையில் நிற்கும் சங்கம்தான் அரிது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியைக் காணப் போலந்து வரை போக வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய போலந்திலும் சங்கங்கள் சுரங்கங்களோடும் ஆலைகளோடும் பிணைக்கப்பட்டன. பெயர்களே அதைச் சொல்லும். குர்னிக் என்றால் சுரங்கத் தொழிலாளி; கோலெயாஷ் என்றால் ரயில்வேக்காரர். ஸாப்ஷே நகரத்துக் குர்னிக் அணி 1970இல் ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய் மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்றது. 1989க்குப் பின் ஆலைகள் பல மூடப்பட்டன. புரவலரை இழந்த சங்கங்கள் பல நலிந்தன, சில அழிந்தன. அதுவரை கதை நம்முடையதுதான். வேறுபாடு அடித்தட்டில் இருக்கிறது. அங்கே ஒரு சிற்றூர் அணிக்கும் ஏணியின் கடைசிப் படியில் ஓர் இடம் உண்டு. ஆண்டுதோறும் ஆட்ட அட்டவணை வரும், தோற்றாலும் ஏட்டில் ஏறும், வென்றால் ஒரு படி மேலே போகும்.

நியெசேச்சா என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை ஏறத்தாழ 750. காலை வண்டிக்கு எங்கள் நடைமேடையில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அங்கே 1922இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் அது கீழ்மட்ட லீகுகளில் வெளியுலகம் அறியாமல் ஆடியது. உள்ளூர்க் கட்டுமானப்பொருள் நிறுவனம் ஒன்று புரவலராக வந்த பின் படிப்படியாக ஏறி, 2015இல் நாட்டின் உச்ச லீகுக்குள் நுழைந்தது. பணம் வந்ததால் ஏறியது என்பீர்கள், உண்மைதான். ஆனால் பணம் வரும்வரை சங்கம் இருந்தது. பணம் வந்து சேர ஒரு முகவரி இருந்தது. நம் ஊருக்கு நாளை ஒரு புரவலர் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

நம் நாட்டில் அகில இந்தியக் கூட்டமைப்பு 2023இல்தான் ஐ-லீகின் மூன்றாம் பிரிவைத் தொடங்கியது. ஏணியின் மேல்படிகள் மெல்ல அமைகின்றன. சிற்றூர் நிற்கும் தரைக்கும் அதன் கீழ்ப்படிக்கும் இடையே இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டம் 2024இல் வந்தது, நல்ல திட்டம். ஆனால் பந்து ஒரு பருவம் உழைக்கும். பந்து கிழிந்தபின் அடுத்த பந்தை வாங்கத் தோன்றும் அமைப்பைத்தான் சங்கம் என்கிறோம். அதை எந்த அரசும் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நிறைய இருக்கிறது என்பது எங்கள் பதில். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஒரு ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அந்தப் பதினொருவரை வங்காளம் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறது. வெற்றி பெரியது, அதை வங்காளிகள் எழுதி வைத்தார்கள் என்பது அதனினும் பெரியது. மலையாளத்தில் என்.எஸ். மாதவன் ஒரு கொலம்பிய கோல்கீப்பரின் பெயரையே தலைப்பாக்கி ‘ஹிக்விட்டா’ எழுதினார். தமிழில் ஆட்டத்தை எழுதத் தெரியாதவர்கள் இல்லை. சி.சு. செல்லப்பா ‘வாடிவாச’லில் ஒரு பிற்பகல் மாடுபிடியைக் கொண்டு மானத்தையும் அதிகாரத்தையும் பேசிவிட்டார். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோ’ட்டில் செகந்திராபாத் பையன்களின் கிரிக்கெட்டை ஒட்டியே ஒரு சமஸ்தானத்தின் வீழ்ச்சி நடக்கிறது. அதே செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த துளசிதாஸ் பலராம் 1962 தங்க அணியின் முன்வரிசையில் ஆடினார், 2023இல் மறைந்தார். அவரைப் பற்றி நம் சிற்றிதழ்களில் எத்தனை பக்கம் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் வெட்கம்தான் மிஞ்சுகிறது.

எங்கள் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ‘ஊர் அணி’ என்கிறீர்களே, எந்த ஊர் என்று கேட்கலாம். நம் சிற்றூர்களில் அணி என்பது பெரும்பாலும் தெருவின் அணி. தெரு என்பது சாதியின் மறுபெயர். சங்கம் என்று பலகை மாட்டினால் அது ஒரு தெருவின் உடைமையாகிப் பிற தெருப் பிள்ளைகளுக்குக் கதவடைக்கும். அதைவிட, பெயரில்லாமல் கூடிக் கலையும் இன்றைய ஆட்டமே மேல் அல்லவா? பெண் பிள்ளைகளை எந்த ஊர்ச் சங்கம் களத்தில் இறக்கியது?

இம்மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பெயரில்லாத ஆட்டத்திலும் கதவு அடைபட்டேதான் இருக்கிறது. எழுதி வைக்காததால் கேட்க முடியவில்லை, அவ்வளவே. நல்ல பந்தாட்டக்காரன் ஒருவன் பொங்கல் போட்டியில் ஏன் ஆடவில்லை என்றால், ‘அவன் வரவில்லை’ என்று பதில் வரும். அழைக்கப்படவே இல்லை என்பது எந்த ஏட்டிலும் இராது. உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இருந்தால், அதில் இல்லாத பெயர்கள் கண்ணில் உறுத்தும். பதிவேடு நீதியை உண்டாக்காது. அநீதியை மறைக்க விடாது. தொடங்குவதற்கு அது போதுமானது.

இன்னொன்று நிலம். எங்கள் களத்துக்கு வருவாய்த்துறைக் கணக்கில் ஆடுகளம் என்ற பெயர் கிடையாது. சிற்றூர்களின் களங்கள் பலவும் புறம்போக்கு, மேய்க்கால், மந்தைவெளி என்ற வகைகளுள் மறைந்து கிடக்கின்றன. ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் மனைக் கற்கள் நடப்படும் வேகத்தைப் பயணிகள் எல்லோரும் சன்னல் வழியே பார்க்கிறோம். ஒரு நாள் கோல் கம்பம் நட்ட இடத்திலும் கல் நடப்பட்டால், இங்கே நாற்பது ஆண்டுகள் ஆடினோம் என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? வாய்ச்சொல்லை வட்டாட்சியர் அலுவலகம் ஏற்காது. ஆண்டுவாரியாக ஆட்டங்களையும் பெயர்களையும் குறித்த ஒரு ஏடு இருந்தால், குறைந்தபட்சம் வழக்காடவாவது முடியும். பழையனூரின் எல்லையை எழுதி வைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். எங்களிடம் பதினொருவர் இருக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்தால் பதினைந்து. எனவே வரும் பொங்கலுக்குள் ஒரு கனத்த நோட்டு வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் பக்கத்தில் களத்தின் நான்கு எல்லைகளையும் எழுதுவோம். இரண்டாம் பக்கத்தில் தேநீர்க் கடைப் பெரியவர்கள் சொல்லும் பழைய அணிகளின் பெயர்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் எழுதுவோம். மூன்றாம் பக்கத்தில் இவ்வாண்டு ஆடுபவர்களின் பெயர்கள், ஆணும் பெண்ணுமாக, தெருப்பெயர் சேர்க்காமல். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நோட்டு தொடங்கினால் எங்களுக்கு எழுதுங்கள். ஒரு ஆட்டம் ஆட வருகிறோம், தோற்றாலும் குறித்துக்கொள்வோம்.