காற்றுக்கும் கணக்கு வேண்டும்

"டயரில் காற்று இருக்கிறதா, இல்லையா என்பதெல்லாம் டிரைவர் பார்க்க வேண்டிய சங்கதி. இதற்கெல்லாம் சங்கப் பத்திரிகையில் இடமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அவர்களுக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் கிராணியாக வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. ஐந்து பீப்பாய் பால் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி ஒன்று ஆலைக்குப் புறப்பட்டது. பால் ஏறக்குறைய தண்ணீரின் கனம்தான். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 200 கிலோ என்றால், ஐந்துக்கு ஒரு டன். தார் ரோட்டு வளைவில் பின்பக்க டயர் வெடித்தது. வண்டி கால்வாயில் இறங்கியது. டிரைவருக்குக் கை முறிந்தது. காலையெல்லாம் வெட்டிச் சேர்த்த பால் மண்ணோடு போயிற்று.

விசாரணை நடந்தது. "டிரைவரின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் முடிவு கட்டி, கட்டுப் போட்ட கையில் எச்சரிக்கைக் கடிதத்தைக் கொடுத்தார்கள். சங்கம் சும்மா இருக்கவில்லை. மற்ற மூன்று டயர்களையும் அளக்கச் சொன்னது. இருக்க வேண்டிய அளவில் மூன்றில் இரண்டு பங்குகூட ஒன்றிலும் இல்லை! "கடைசியாக இவ்வண்டிக்குக் காற்றடித்தது எந்தத் தேதி?" என்று சங்கப் பிரதிநிதி கேட்டார். நான் ஏட்டைப் புரட்டினேன். டீசல் லிட்டர் கணக்கு இருந்தது. டயர் வாங்கிய விலை இருந்தது. ஓடிய தூரம் இருந்தது. காற்றுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஏட்டை எழுதியவன் நானே. ஆகவே பழியில் எனக்கும் பங்குண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

காற்று ஏன் குறைந்தது? மழை பெய்தால் செம்மண் பாதை சேறாகிவிடும். சக்கரம் வழுக்காமல் இருக்க டிரைவர்கள் கொஞ்சம் காற்றை இறக்கி ஓட்டுவார்கள். அது தவறல்ல. ஆனால் தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி காற்றடிக்க வேண்டும். தோட்டத்திலோ பம்பு இல்லை. பெட்ரோல் நிலையமோ 12 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே போய்வர அனுமதி கேட்டால், "வெட்டியாக டீசல் எரிக்கவா?" என்ற கேள்வி வரும். பிறகு எந்த டிரைவர் கேட்பான்?

காற்றுக் குறைந்த டயர் பாரத்தின் கீழ் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. அதனால் சூடேறுகிறது. ஓட்டமும் பாரமும் கூடக் கூடச் சூடும் கூடுகிறது. உள்ளே ரப்பரும் நூலும் விட்டுப் பிரிகின்றன. பிறகு வெடிப்புத்தான்.

நல்ல நிலையில் உள்ள டயரிலும் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு ராத்தல் காற்று தானாகவே குறையும். ஆகவே மாதம் ஒரு முறையாவது அளந்தே தீரவேண்டும். பாரம் ஏற்றும் வண்டிக்கு வாரம் ஒரு முறை நல்லது. விடியற்காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் குறைந்து நிற்கும். எவ்வளவு அடிப்பது என்பது டிரைவர் பக்கத்துக் கதவோரச் சீட்டில் இருக்கிறது. பாரம் ஏற்றினால் பின்சக்கரங்களுக்குக் கூடுதல் அளவு என்று பல பிக்கப்புகளில் தனியாகவே போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. நிலையத்து இயந்திரம் கிலோ பாஸ்கல் கணக்குக் காட்டினால் மிரள வேண்டாம். ஒரு ராத்தலுக்கு ஏறக்குறைய 7 என்று கொள்க. 35 ராத்தல் என்றால் 240. வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள். மாற்றுச் சக்கரத்தையும் அளந்து வையுங்கள்.

இனி நம் கோரிக்கைக்கு வருவோம். தோட்ட ஸ்டோரில் ஒரு பம்பும், நம்பத்தக்க ஓர் அளவுகோலும் இருக்க வேண்டும். காற்றுப் பார்க்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். வண்டி ஏட்டில் தேதி, நான்கு சக்கரத்தின் அளவு, பார்த்தவர் கையெழுத்து ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். ஒரு டயரின் விலைகூட ஆகாத செலவு இது.

இது நாம் கேட்கும் சலுகையா? இல்லை. வண்டியையும் கருவியையும் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமையை 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, தெரிவித்தும் முதலாளி கவனிக்காவிட்டால், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகலாம். ஆனால் நமக்கும் கடமை உண்டு. கண்ணால் கண்ட குறையைச் சொல்லாமல் இருப்பது உரிமையல்ல, சோம்பல்.

ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றது 1888-இல். அந்த டயர் உலகெங்கும் உருண்டதால்தான் இந்நாட்டில் காடழிந்து ரப்பர்த் தோட்டம் பெருகியது. நம் பாட்டன்மார் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறியதும் அதனால்தான். நம் கத்தி வடித்த பால்தான் டயராகிறது. அந்த டயரே நம்மவனைச் சாய்க்கலாமா?

கிராணித் தோழர்களே, நாளைக் காலை ஏட்டில் ஒரு பத்தி கோடிடுங்கள். வெட்டுத் தொழிலாளத் தோழர்களே, வண்டியில் பால் ஏற்றுமுன் சக்கரத்தை ஒரு பார்வை பாருங்கள். கிளைச் செயலாளர்களே, அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "கடைசியாகக் காற்றடித்தது எந்தத் தேதி?"

விடை ஏட்டில் இருக்கட்டும். டிரைவரின் முறிந்த கையில் அதைத் தேட வேண்டாம்.