தொழிலறிவுப் பகுதி: லாரிக்குக் குளிர்ந்த காற்று



பங்குனி பிறந்துவிட்டால் கஞ்சிக்கோட்டில் வாழும் நம்மவர்க்கு வெயிலைப்பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கு மலைத்தொடரின் இடைவெளியில் அமைந்த இவ்வூரில் வெப்பமானி 40 டிகிரியைத் தொடுவது புதுமையன்று. இரும்பாலைகளின் வாயிலில் வரிசையாக நிற்கும் லாரிகளின் நிழலிலே நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பும் நிற்கிறது. ஓட்டுநர், கிளீனர், சிறு முதலாளி, சுமை ஏற்றுவோர் என எவரை எடுத்தாலும் லாரி நின்றால் அடுப்பு நிற்கும். ஆகவே இத்திங்கள் லாரியின் எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியைப்பற்றியும், அவ்வழியில் வெப்பம் அறியும் சென்சார் இருக்கவேண்டிய இடத்தைப்பற்றியும் எழுதத் துணிந்தேன்.

யான் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர், மெட்ரிகுலேஷன் வரை படித்தவன், மெக்கானிக் அல்லேன். எனினும் இப்பொருளை யான் கைப்பணம் கொடுத்துக் கற்றேன். அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

என் தமக்கையார் கணவர் திண்டுக்கல்லிலிருந்து இவ்வூர் வந்து குடியேறியவர். கடன் பெற்று, முன்பே ஓடிய லாரியொன்றை வாங்கி, இரும்புக் கம்பி ஏற்றி மதுரைப் பக்கம் ஓட்டுகிறார். சென்ற ஆண்டுப் பங்குனியில் வாளையாரை நோக்கிய ஏற்றத்தில் வண்டி தளர்ந்தது. "மாப்பிள்ளை, பகலில் புல்லிங் இல்லை, இரவில் சரியாக ஓடுகிறது" என்றார். ஒரு பட்டறையில், எஞ்சின் சூடான காற்றை இழுக்கிறது என்றும், முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரப் புதுக் குழாய் அமைத்தால் தீரும் என்றும் கூறினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானம் நினைவுக்கு வர, யானும் "ஆம் மாமா, குளிர்ந்த காற்றில் பலம் மிகுதி, செய்துவிடுங்கள்" என்று கூறி, என் சேமிப்பிலிருந்து 18,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அறிவுரையும் என்னுடையது, பணமும் என்னுடையது.

நிற்க. குளிர்ந்த காற்றில் பலம் மிகுதி என்பது பொய்யன்று. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 1.20 கிலோ எடையுள்ளது. 40 டிகிரியில் அது 1.13 கிலோவாகவும், 70 டிகிரியில் 1.03 கிலோவாகவும் குறைகிறது. டீசல் எரிவதற்கு வேண்டியது காற்றிலுள்ள பிராணவாயு. சூடேறிய காற்று விரிந்து இலேசாகிவிடுவதால், அதே இடத்தை நிரப்பினாலும் பிராணவாயு குறைவாகவே இருக்கும். வெளியே 40 டிகிரியாக இருக்கையில், எஞ்சினருகே வெந்து கிடக்கும் 70 டிகிரிக் காற்றை வண்டி இழுக்குமாயின், நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு காற்று நட்டமாகிறது.

ஆயினும் இன்றைய லாரிகள் காற்றை நேராக இழுப்பவையல்ல. டர்போ என்னும் விசிறி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கப்பட்ட காற்று 150 டிகிரிக்கு மேலும் சூடேறலாம். அதனை ரேடியேட்டரின் முன்னுள்ள இண்டர்கூலர் தணித்து, வெளிக்காற்றைவிடச் சில பத்து டிகிரி மட்டுமே மிகுந்திருக்குமாறு செய்கிறது. இம்முறை புதியதன்று. 1962-இல் அமெரிக்காவிலிருந்து நம் ரயில்வேக்கு வந்திறங்கிய டபிள்யூ.டி.எம்.2 வகை டீசல் எஞ்சின்களிலும் டர்போவும், அமுக்கிய காற்றை நீரால் குளிர்விக்கும் கருவியும் இருந்தன. எனவே இண்டர்கூலர் நன்னிலையிலுள்ள லாரிக்குப் புதுக் குழாயால் வரும் ஆதாயம் சிறிதே. எஞ்சினறையின் வெங்காற்று உட்புகாமல் காப்பதே மெய்யான ஆதாயம். இதனை யான் அன்று அறியேன்.

குழாய் பொருத்தி முடித்தபின் இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடியதுபோலத் தோன்றியது. மூன்றாம் நாள் சுமையுடன் சென்றபோது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏற்றத்தில் வண்டி முன்னினும் தளர்ந்தது. சரக்கு ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்தது. இன்னொருமுறை இவ்வாறு நேர்ந்தால் வேறு வண்டி பார்ப்போம் என்று ஆலையில் கூறிவிட்டார்கள். தவணை நாள் நெருங்கியது. தமக்கையார் மகளின் கல்லூரிக் கட்டணமும் அம்மாதமே. தமக்கையார் என்னிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று.

பின்னர், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "வண்டி இரவு முழுதும் நிற்கட்டும், விடியற்காலை வருகிறேன்" என்றார். வைகறையில் எஞ்சினை இயக்காமல், சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனர் கருவியில் எண்களைப் படித்தார். இரவெல்லாம் ஆறிய வண்டியில் வெளிக்காற்று, உள்ளிழுக்கும் காற்று, எஞ்சின் நீர் ஆகிய மூன்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். அவ்வாறே இருந்தன. ஆகவே சென்சார் பழுதன்று என்றார். பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தார். வெளியே 38 டிகிரி. சென்சாரோ 80 டிகிரிக்கு மேல் காட்டியது. சென்சார் சொன்னது மெய்யே. அது வைக்கப்பட்ட இடமே பொய்.

இதனைச் சற்று விளக்குவேன். இந்தச் சென்சாரின் உள்ளே இருப்பது, வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு மணி. பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் 320 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்தத் தடையைக்கொண்டே ஈ.சி.எம். என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி காற்றின் வெப்பத்தை அறிகிறது. அதற்கேற்ப டீசலை அளக்கிறது. பட்டறையில் புதுக் குழாயின் வளைவிலே, டர்போவின் அருகே, இடம் கிடைத்தவிடத்தில் துளையிட்டுச் சென்சாரைச் செருகியிருந்தார்கள். அதன் முனை காற்றோட்டத்தில் நீளாமல் குழாயின் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அது அளந்தது காற்றின் சூட்டையன்று, சுவரின் சூட்டை. காற்று மிகச் சூடென்று எண்ணிய ஈ.சி.எம்., எஞ்சினைக் காக்கும்பொருட்டு டீசலைக் குறைத்தது. குளிர்ந்த காற்று உள்ளே சென்றும் பயனில்லாது போயிற்று.

இதற்கு மாறாக, காற்றுப் படாத குளிர்ந்த மூலையில் சென்சாரைத் தொங்கவிட்டால் கேடு வேறுவகையாக வரும். காற்று அடர்த்தியானது என்று ஏமாந்து ஈ.சி.எம். டீசலை மிகுதியாக விடும். கரும்புகை எழும், புகைக்குழாயின் சூடு ஏறும்.

மெக்கானிக் பின்னர் ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணியில் செம்மண் படிந்திருந்தது. எங்கள் நெஞ்சு நடுங்கிற்று. கிளாம்ப் சரியாக இறுகாத இணைப்பின் வழியே, வடிகட்டப்படாத தூசி உள்ளே சென்றுகொண்டிருந்தது. இன்னும் சில வாரம் அவ்வாறே ஓடியிருப்பின் பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்து எஞ்சினையே பிரிக்க நேர்ந்திருக்கும். அச்செலவைத் தாங்கும் நிலையில் அக்குடும்பம் இல்லை.

அவரிடம் கேட்டறிந்தவற்றை நேயர்களின் பயன்கருதி வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது: காற்று எடுக்கும் வாய் எஞ்சினறைக்கு வெளியே, உயரத்தில் இருத்தல் வேண்டும். கேபினுக்குப் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் குழாய் அதற்காகவே அமைந்தது. அங்கே தூசியும் குறைவு, சூடும் குறைவு. தாழ்வாக வைத்தால் வெள்ளத்தில் நீரை இழுக்கும். நீரை அமுக்க இயலாதாகையால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தை நேரில் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது: சென்சார் ஏர் கிளீனரைத் தாண்டிய பின்னரே இருத்தல் வேண்டும். முன்னே வைத்தால் தூசி படிந்து மந்தமாகும். டர்போ, புகைக்குழாய், ரேடியேட்டர் ஆகியவற்றின் அனல் படாத இடமாக இருத்தல் நன்று.

மூன்றாவது: அதன் முனை காற்றோட்டத்தின் நடுவே நீண்டிருத்தல் வேண்டும், சுவரைத் தொடலாகாது. வளைவை விட்டு நேரான பகுதியில் வைப்பது நலம். குழாயின் அடியில் வைத்தால் ஈரமும் எண்ணெயும் தேங்கும். பக்கவாட்டிலோ மேலேயோ வைக்கலாம்.

நான்காவது: காற்றின் அளவைக் காணும் சென்சாரோடு வெப்பச் சென்சாரும் சேர்ந்தே அமைந்த வண்டிகளில் குழாயின் விட்டத்தையும் மாற்றலாகாது. விட்டம் மாறினால் கணக்கு முழுவதும் பிழைபடும். எண்ணெய் தடவிய பில்டரும் இவற்றுக்கு ஆகாது. எண்ணெய் பறந்து சென்சாரில் படியும்.

ஐந்தாவது: துளையிலுள்ள ரப்பர் வளையமும் ஒவ்வொரு கிளாம்பும் காற்றுப் புகாதபடி இறுகியிருத்தல் வேண்டும். வயர் உராயாமல் கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆறாவது: ஓடி நின்ற வண்டியில் சிறிது நேரம் சென்சார் மிகுந்த சூடு காட்டும், அது இயல்பு. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் இறங்கவேண்டும். இறங்காவிடில் இடம் தவறு என்று கொள்க.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் வந்த திருத்தம், அனுமதியின்றிச் செய்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமும் ஆறு திங்கள் வரை சிறையும் விதிக்க இடந்தருகிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு வந்த ஆறாம் பாரத் தரத்து வண்டிகளில் காற்று, டீசல், யூரியா, புகை ஆகிய யாவும் ஒரே கணக்கில் பிணைந்துள்ளன. ஒன்றைத் தொட்டால் மற்றவை தடுமாறும். ஆகவே தயாரிப்பாளர் ஒப்பாத குழாயைப் பொருத்துமுன் பன்முறை எண்ணுக.

அவ்வாறாயின், பகலில் புல்லிங் குறைந்ததற்கு முதற்காரணம் யாது? அதனையும் அம்முதியவரே கண்டார். கேபினோடு நிற்கும் உயரக் குழாயையும் கீழே சட்டத்திலுள்ள ஏர் கிளீனரையும் இணைப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர்த் துண்டு. கேபினைச் சாய்க்கும்போதெல்லாம் அது பிரிந்து, மீண்டும் வந்து பொருந்தும். எங்கள் வண்டியில் அது கிழிந்திருந்தது. மேலிருந்து வரவேண்டிய காற்றுக்குப் பதிலாக எஞ்சினருகே உள்ள அனல்காற்று அக்கிழிசல் வழியே சென்றது. பில்டரும் விரைவில் அடைத்துக்கொண்டது. தயாரிப்பாளரே தந்த குளிர்காற்று வழி வண்டியிலேயே இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் புது ரப்பர் வாங்கி, பழைய குழாயையும் சென்சாரையும் அவற்றுக்குரிய இடத்திலேயே பொருத்தி, பில்டரையும் மாற்றினோம். மறுநாள் நண்பகலில், முழுச் சுமையுடன், வண்டி வாளையார் ஏற்றத்தைத் தளராமல் கடந்தது. ஆலையாரும் ஏற்றுமதியை நிறுத்தவில்லை, தவணையும் தவறவில்லை.

லாரி வைத்துள்ள இல்லங்களில் கணக்கு எழுதும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைச் செலவு என்று கணவரோ மகனோ பணம் கேட்குங்கால், "பழையதில் எது கிழிந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாதம் ஒருமுறை அந்த ரப்பர்த் துண்டைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத காரியம் அது.

யான் கொடுத்த 18,000 ரூபாயைத் திருப்பித் தர மாமா முன்வந்தார். யான் வாங்க மறுத்தேன். தெரியாத பொருளில் தெரிந்தவன்போல் அறிவுரை கூறியதற்கு அதுவே உரிய கட்டணம் என்று கருதுகிறேன்.