கோவலன் ஹீரோவா?

மதுரை பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறது. கோவலனை வெட்டின இடம்னு ஜனங்க காலங்காலமாச் சொல்றாங்க. போன வாரம் அந்தப் பக்கம் போனப்ப, கூட வந்த தம்பி மகன் கேட்டான்: "கண்ணகிதான் பெரியப்பா ஹீரோ. பொண்டாட்டி சிலம்பை விக்க வந்தவன் எப்படி ஹீரோ?"

நியாயமான கேள்வி. மாதவி வீட்டிலேயே கிடந்து சொத்தை அழிச்சவன்தான். யானையிடமிருந்து ஒரு முதியவரைக் காப்பாற்றியதாக அடைக்கலக் காதையில் வருகிறது. எனக்கு அது பெருசாத் தெரியல, சினிமாவுல எல்லாரும் செய்யுறதுதானே! ஆனா மாதரி தந்த வீட்டில், கண்ணகி சமைச்சுப் போட்டதைச் சாப்பிட்டு முடிச்சதும், தன் தப்பையெல்லாம் அவகிட்ட அவனே சொல்றான் பாருங்க. எங்க ஊர்ல அப்படிச் சொன்ன ஒரு ஆம்பளையை நான் பார்த்ததில்லை. அதுக்காகவே அவன் ஹீரோதான். காசு இருந்த காலத்துல ஏன் சொல்லலைன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை.

நானும் வீட்டுக்காரி சங்கிலியை அடகு வச்சுத்தான் போர் போட்டேன். வேணாம்னு சொன்னா, கேக்கல. 600 அடி, வெறும் புழுதி. மூணு வருசமாச்சு. இன்னும் அவகிட்ட ஒண்ணும் சொல்லல.