மூன்று நாளில் மூடிய ஓட்டை... உங்கள் போனுக்கு வந்து சேர எத்தனை நாள்?

'சாப்ட்வேர் அப்டேட் ரெடி' என்று போனில் வந்தால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுபவரா நீங்கள்? அப்படியென்றால் 'டர்ட்டி பைப்' கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2021 ஏப்ரல். ஜெர்மனியில் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. டவுன்லோடு செய்த லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லையாம். சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால், அதே புகார் திரும்பத் திரும்ப வந்தது. அங்கு பணியாற்றிய மேக்ஸ் கெல்லர்மன் ஆராய்ந்தார். கெட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை மாதக் கடைசி நாளின் ஃபைல்கள். அவற்றில் கடைசி 8 பைட் மட்டும், ஒரே மாதிரி மாறியிருந்தது!

கோளாறு அவர்களுடைய ப்ரோகிராமில் இல்லை; லினக்ஸ் கெர்னலில் இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களுக்கும் அதுதான் அடித்தளம்.

டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைலின் பிரதியை கெர்னல் மெமரியில் வைத்துக்கொள்ளும். அதை 'பைப்' வழியாக இன்னொரு ப்ரோகிராமுக்கு அனுப்பும்போது, 'இதில் சேர்த்து எழுதலாம்' என்ற பழைய குறி அழிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தைய கணக்கை அழிக்காத சிலேட்டு மாதிரி!

விளைவு? படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலிலும், அனுமதி இல்லாதவர் எழுதிவிடலாம். சாதாரண ஆப் ஒன்று மொத்தக் கருவியையும் தன் வசமாக்கிவிடலாம். 2020-ல் வந்த லினக்ஸ் 5.8 முதல் இந்த ஓட்டை திறந்தே கிடந்தது.

தீர்வு, அந்தக் குறியை ஜீரோ ஆக்கும் இரண்டே வரிகள். 2022 பிப்ரவரி 20-ல் கெல்லர்மன் தகவல் கொடுத்தார். பிக்ஸல் 6 போனிலும் அதே ஓட்டை இருப்பதைக் கண்டு கூகுளுக்கும் சொன்னார். 23-ல் திருத்திய லினக்ஸ் வெளியானது. மறுநாளே ஆண்ட்ராய்டு கெர்னலில் கூகுள் அதைச் சேர்த்தது. மார்ச் 7-ல் விவரம் பகிரங்கமானது. ஆனால், ஆண்ட்ராய்டின் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்டில் அது இடம்பெற்றது மே மாதத்தில்தான். இடைப்பட்ட இரண்டு மாதமும் ஓட்டை எங்கே என்பது ஹேக்கர்களுக்கும் தெரியும்!

அப்டேட் வந்த பிறகும் தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியை நாமே நீட்டுகிறோம். இன்றே போன் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். பல மாதம் பழையதா? வைஃபையில் இணைத்து, சார்ஜ் போட்டு, அப்டேட் செய்துவிடுங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போன்களையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். புது போன் வாங்கும்போது கேமராவோடு சேர்த்து, 'எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருவீங்க?' என்றும் கடையில் கேளுங்கள்.