டேர்போக் காரின் புகைவழி

"கார் முன்னைப்போல இழுக்குதில்லை, சைலன்சரைக் கழற்றிப் பெரிய குழாய் போட்டால் சரிவருமா?" என்று எம்மிடம் கேட்பவர்கள் பலர். இன்றைய சிறிய பெற்றோல் கார்களிற் பலவும், டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாமும் டேர்போ பூட்டியவை. ஆகையால் இம்முறை அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே அச்சில் இரண்டு விசிறிகள், அதுதான் டேர்போ. இயந்திரம் கழிக்கும் சூடான புகை ஒன்றைச் சுழற்ற, மற்றையது வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்தினுள் தள்ளும். வீணாகப் போகும் புகையின் பலன் சிறிதல்ல. 1952இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட 'டோர்தே மேர்ஸ்க்' எண்ணெய்க் கப்பலின் இயந்திரவலு டேர்போவினால் 5530 குதிரைவலுவிலிருந்து 8000 ஆக உயர்ந்தது. ஈரடிப்பு டீசல் இயந்திரத்துக்கு டேர்போ பூட்டி ஓடிய முதற்கப்பல் அதுவே.

விசிறியைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னுமுள்ள அமுக்க வேறுபாடு. எனவே டேர்போவுக்குப் பின்னால் வழி தாராளமாக இருப்பது நல்லது. முன்னாலுள்ள குழாயை மிக அகலமாக்கினாலோ புகை வேகமும் சூடும் இழந்து சோர்ந்துவிடும். குழாய் விற்பவர் இவ்வளவையும் சரியாகவே சொல்வார். சொல்லாமல் விடுவது இதனை: பின்வழியை ஒரேயடியாகத் திறந்துவிட்டால், மிஞ்சிய புகையைத் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேற்' என்ற சிறு கதவு ஈடுகொடுக்காமற் போகலாம். அமுக்கம் அளவுமீறி ஏறும். புதிய கார்களில் கணினி அதை உணர்ந்து வலுவைக் குறைத்துவிடும். பழையவற்றில் பிஸ்டன் உருகிய பின்னரே தெரியவரும்.

கற்றலைசரையோ டீசல் காரின் துகள்வடியையோ அகற்றி ஓடுவது இங்கு சட்டவிரோதம். 'சூன்' பரிசோதனையிலும் அகப்படலாம். 2023 ஒக்டோபர் 1 முதல், 2011க்கு முன் முதற்பதிவான டீசல் கார் வடி இல்லாமல் கோபன்ஹேகன், ஓகூஸ், ஓடென்ச, ஓல்போர் நகரங்களின் சூழல் வலயங்களுக்குள் நுழையவும் கூடாது. பதிவுவரி சேர்த்துக் காருக்கு இவ்வளவு விலை கொடுக்கும் நாட்டில் இது விளையாட்டல்ல.

எமது அபிப்பிராயத்தில், இழுவை குறைந்த காருக்குப் பெரும்பாலும் குழாய் சிறிதென்ற குறையில்லை, வழிதான் அடைபட்டிருக்கும். வேலைத்தலம் 5 நிமிடத் தூரத்தில் உள்ளவர்களின் டீசல் கார் இதில் முதலில் மாட்டும். வடியில் சேரும் கரி எரிந்துபோக ஏறக்குறைய 600 பாகை சூடு வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் ஓடினால் அது எப்படி வரும்? கிழமைக்கொரு தடவையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடுங்கள். சைலன்சருக்குள் தகடு கழன்று அடைப்பதும், கல்லில் இடித்துக் குழாய் நசிவதும் உண்டு.

கராஜில் பெரிய குழாய் கேட்காமல், 'மொட்த்ரூக்', அதாவது பின்னமுக்கம், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கற்றலைசருக்கு முன்னுள்ள ஒட்சிசன் உணரியைக் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கமானி பூட்டிப் பார்ப்பார்கள். அடைப்பிருந்தால் அதிலே தெரிந்துவிடும்.

மாரியில் வீதிக்குப் போடும் உப்பு குழாயை அரித்துத் துளைபோடும். டேர்போவுக்கு முன்னால் கசிந்தால் 'சிர்' என்ற சத்தத்துடன் இழுவையும் குறையும். கசியும் குழாயுடன், குளிருக்குக் கண்ணாடியை மூடி, பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு ஓடவேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தலையிடியும் தூக்கமுமாகத்தான் அது வரும்.

அடுத்த இதழில் மாரிகால ரயர்களைப் பற்றிப் பார்ப்போம்.